குள்ளம்மாள் வைத்த நாலு விரல்

கையை நீட்டச் சொன்னால் குள்ளம்மாளுக்கு வெட்கம் வந்துவிடும். ரேஷன் கடையில், ஆதார் மையத்தில், மருத்துவ முகாமில் எங்கே மிஷினைக் கண்டாலும் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே கடைசி ஆளாகத்தான் போய் நிற்பாள். அவள் விரலில் ரேகை இல்லை. இருந்தது. புளி தின்றுவிட்டது.

பதினெட்டு வயதில் பென்னாகரத்துக்கு மேற்கே மாதன் கொட்டாய் என்ற சிற்றூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இப்போது நாற்பத்தெட்டு. மாசி பிறந்தால் சித்திரை முடியும்வரை புளி மண்டியில்தான் அவளுக்குப் பொழுது. ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையைக் கொத்தி எடுக்க வேண்டும். கிலோ கணக்கில் கூலி. நாள் முழுக்கப் புளிச்சாறு நனைந்த விரல் நுனி முதலில் வெளுக்கும், பிறகு உரியும், பிறகு வழவழவென்று ஆகிவிடும். பிள்ளை இல்லாத வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையதும் அவள் புருஷன் பச்சியப்பனுடையதும்தான். அவன் லாரியில் லோடு ஏற்றுகிறவன்.

இந்த வருஷம் அவர்கள் வாழ்க்கையில் ஒரு பெரிய காரியம் நடந்துகொண்டிருந்தது. அரசு வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்து, பழைய ஓட்டு வீட்டை இடித்து, அதே இடத்தில் சுவர் எழுப்பியிருந்தார்கள். பக்கத்தில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார்கள். சுவர் நின்றது; மேலே கூரை இல்லை. கான்கிரீட் போடுவதற்கான தவணை நாற்பதாயிரம் பங்குனி முதல் வாரத்தில் குள்ளம்மாள் கணக்கில் வந்து விழுந்தது. மழை பிடிப்பதற்குள் கூரை போட்டுவிட வேண்டும். அவள் மனசெல்லாம் அதிலேயே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை. கம்பிக் கடைக்கு முன்பணம் கட்டப் பத்தாயிரம் தேவைப்பட்டது. கொட்டாயின் முக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அருண்குமாரிடம் போனாள். கடை வாசலில் வங்கியின் பெயர் எழுதிய நீலப் பலகை தொங்கும். வங்கியே அவனுக்கு ரேகை மிஷின் கொடுத்து, கிராமத்தில் பணம் எடுத்துக் கொடுக்க உட்கார வைத்திருந்தது. முதியோர் பணம், நூறு நாள் வேலைக் கூலி எல்லாம் அவன் கை வழியாகத்தான். இருபத்தேழு வயசு. வாய் நிறையப் பேசுவான்.

"வாங்க பெரிம்மா. எவ்ளோ எடுக்கோணும்?"

"பத்தாயிரம் சாமி. கம்பிக்கு."

"வெரல வைங்க."

வைத்தாள். மிஷினில் சிவப்பு வெளிச்சம் மின்னியது. அருண்குமார் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"விழல பெரிம்மா. ஆள்காட்டி வெரல வைங்க."

அதையும் வைத்தாள். விழவில்லை என்றான். இடது கட்டை விரல். விழவில்லை. நடு விரல். குள்ளம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது. தன்னால் ஒரு பையனுக்கு எவ்வளவு சிரமம்!

"எம் வெரல் கெட்டுப்போச்சு சாமி. கோவிச்சுக்காத. வேணா தேங்கா எண்ண தொட்டுட்டு வரட்டுமா?"

"பரவால்ல பெரிம்மா, இப்ப வுழுந்துருச்சு." மேசை டிராயரைத் திறந்து இருபது ஐநூறு ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுத்தான். "சீட்டு வராது, பேப்பர் ரோல் தீந்துபோச்சு."

சீட்டு எதற்கு? அவளுக்குப் படிக்கவா தெரியும்? "நல்லாயிரு சாமி" என்று வாழ்த்திவிட்டு வந்தாள். அந்த வாழ்த்தை நினைத்து நினைத்து அவள் பின்னால் எத்தனை நாள் அழுதாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

*

பதினாலு நாள் கழித்து, கான்கிரீட்டுக்கு நாள் குறித்துவிட்டு, மீதிப் பணத்தை மொத்தமாக எடுக்கப் பென்னாகரம் கிளைக்கே போனாள். பாஸ்புக்கைப் போட்டுக் கொடுத்த பெண் சொன்னாள்:

"மூவாயிரத்து இருநூறு இருக்கும்மா."

"முப்பத்தி மூவாயிரம்மா. நல்லாப் பாருங்க."

"நாலு தடவ பத்துப் பத்தா எடுத்திருக்கீங்களே. ஒரே நாள்ல. பதினோரு மணிலேந்து பதினொண்ணே கால் வரைக்கும்."

குள்ளம்மாளுக்குக் காது அடைத்தது. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. நான் எடுத்தேனா? எடுத்து எங்கே வைத்தேன்? அந்தத் திங்கட்கிழமையை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். கடை, கம்பிக் கடை, மண்டி, தார்ப்பாய். இதில் முப்பதாயிரம் எங்கே நின்றது?

கிளை மேலாளர் பாரதி நாற்பது வயதுப் பெண்மணி. கணினியைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார்.

"ரேகை உங்களோடதும்மா. நாலு தடவையும் உங்க வெரல்தான் பதிவாயிருக்கு. ஏடிஎம் கார்டுன்னா யாரோ திருடினாங்கன்னு சொல்லலாம். வெரல எப்படிம்மா திருடுவாங்க?"

குள்ளம்மாள் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். முப்பது வருஷம் சோறு போட்ட கை. இப்போது அதுவே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறதா?

"மெசேஜ் வந்திருக்குமே, போன்ல?" என்று கேட்டார் பாரதி.

கணக்கில் கொடுத்திருந்த எண் பச்சியப்பனின் பழைய எண். ரீசார்ஜ் செய்யாமல் போய் இரண்டு வருஷமாகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பச்சியப்பன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"ஓசூர்ல உங்கண்ணன் கோவிந்தன் ஆட்டோ டியூ கட்டலன்னு அழுதானே. அவனுக்குக் குடுத்தியா?"

"ஐயோ! ஏன்யா இப்டிக் கேக்கற?"

"உன் வெரல் வெக்காம பணம் வராதுன்னு பேங்கே சொல்லுது. நீ குடுக்கல, நான் எடுக்கல. அப்புறம் பேயா எடுத்துச்சு?"

முப்பது வருஷ வாழ்க்கையில் அவன் அவளை அடித்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கூரையில்லாத அந்த நாலு சுவருக்குள் நிலா வெளிச்சம் தாராளமாக விழுந்து கிடந்தது.

மறுநாள் அருண்குமாரிடம் ஓடினாள். அவன் எழுந்து நின்றே பேசினான்.

"பெரிம்மா, நாப்பதாயிரமும் எண்ணித்தான குடுத்தேன்? மறந்துட்டீங்களா? வயசாகுதில்ல. வூட்ல நல்லாத் தேடிப் பாருங்க."

அவன் சொன்ன விதத்தில் அத்தனை பரிவு! குள்ளம்மாளே குழம்பிப்போனாள். வந்து அரிசி டப்பா, துணி மூட்டை, சாமி படத்தின் பின்பக்கம் எல்லாம் தேடினாள். தார்ப்பாயின் மடிப்பைக்கூட உதறிப் பார்த்தாள். ஒருவேளை எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதா என்று அவள் பயந்தது அன்றைக்குத்தான்.

*

மண்டியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து புளி தட்டுகிறவள் கனிமொழி. முப்பத்தைந்து வயது. மகளிர் குழுவுக்குச் செயலாளர். வாய்த்துடுக்கு.

"அழுதுக்கிட்டே தட்டாதக்கா, புளி உப்புக் கரிக்கும்" என்றாள். பிறகு விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"எத்தன வெரல் வெச்ச?"

"நாலு. மொத மூணும் விழலன்னான்."

"எத்தன தடவ பணம் போயிருக்கு?"

"நாலு."

"அப்ப மொத மூணும் வுழுந்திருக்குக்கா! விழலன்னு சொன்னது அவன் வாயி. மிஷினா சொல்லுச்சு?"

குள்ளம்மாள் அவளையே பார்த்தாள். அப்படியும் ஒருவன் செய்வானா? அதுவும் அந்தப் பையன்?

"அந்தப் போர்டுல யார் பேரு போட்டிருக்கு? அவன் பேரா, பேங்கு பேரா? பேங்கு பேரு. பேங்கு உக்கார வெச்ச ஆளு தின்னா பேங்குதான் குடுக்கோணும். எழுதிக் குடு. வாய்ல சொன்னா காத்துல போயிரும்."

பச்சியப்பனுக்கும் இது காதில் விழுந்தது. மனு எழுத அவன்தான் அவளைத் தாலுகா ஆபீஸ் வாசலுக்குக் கூட்டிப்போனான். மனு எழுதுகிறவர் கதையைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கடைக்குப் போனேன், வெரல் வெச்சேன்னு எழுதினா நீயே எடுத்தன்னு முடிச்சிருவாங்க. கடைக்கே போகலன்னு எழுது. யாரோ ரேகைய நகல் எடுத்துட்டாங்கன்னு போடு. இப்பத்தான் பசைல எல்லாம் எடுக்கறாங்களே, நியூஸ்ல வருதே."

"ஆனா நான் போனனேங்க. பத்தாயிரம் வாங்கி கம்பிக்குக் கட்டினேன்."

"அதச் சொன்னா எல்லாம் போச்சு. நாலும் நான் எடுக்கலன்னு ஒரே பேச்சு பேசணும்."

பச்சியப்பன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவளும் மைப்பெட்டியில் விரலைத் தொட்டு அழுத்தினாள். எதில் அழுத்துகிறோம் என்று தெரியாமல் விரல் வைப்பது இது ஐந்தாவது முறை.

வங்கியில் மனு கொடுத்த இரண்டாவது வாரம் ஓர் அதிசயம் நடந்தது. பாஸ்புக்கில் நாற்பதாயிரம் வரவு! கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே எடுக்கக் கேட்டால், கவுண்டர் பெண் கையை விரித்தாள்.

"வரவு வெச்சிருக்குதும்மா. எடுக்க முடியாது. விசாரணை முடியற வரைக்கும் நிறுத்தி வெச்சிருப்பாங்க."

"வந்துருச்சா, வரலியா?"

"வந்துருச்சு. ஆனா உங்களுக்கு இன்னும் வரல."

பேருந்தில் திரும்பும்போது பச்சியப்பன் முணுமுணுத்தான்: "கண்ணாடிப் பெட்டில மிட்டாய் வெச்ச மாதிரி இல்ல இருக்கு?" குள்ளம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. வானத்தில் மேற்கே கருத்திருந்தது.

*

சித்திரை கடைசியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் அறையில் பாரதி, அவர் எதிரே குள்ளம்மாளும் பச்சியப்பனும், சற்றுத் தள்ளி அருண்குமார். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி. வங்கி மேலிடத்திலிருந்து வந்த தாள்கள் மேசையில் கிடந்தன.

பாரதி முதலில் ஒன்று சொன்னார். குள்ளம்மாளுக்குப் புரியவேண்டுமே என்று மெதுவாகத்தான் சொன்னார்.

"இதுல மூணு வழி இருக்கும்மா. தப்பு உங்க மேலன்னா நஷ்டம் உங்களோடது. பேங்கு மேல, இல்ல பேங்கு வெச்ச ஆளு மேலன்னா, நீங்க எப்ப வந்து சொன்னாலும் முழுப் பணத்தையும் பேங்கு குடுக்கணும். சம்பந்தமில்லாத வெளி ஆளு யாரோ எடுத்திருந்தா, சேதி தெரிஞ்சு மூணு வேல நாளுக்குள்ள சொல்லியிருக்கணும். நீங்க வந்தது பதினாலு நாள் கழிச்சு. அப்ப பேங்கு மனசு வெச்சாத்தான். உங்க மனுல வெளி ஆளுன்னு எழுதியிருக்கு."

குள்ளம்மாளின் தலைக்குள் மூன்று வழியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. எந்த வழியில் போனால் கூரை வரும்?

"நான் ஒண்ணு சொல்லலாமா மேடம்?" என்று அருண்குமார் குறுக்கிட்டான். "பெரிம்மா கடைக்கே வரலன்னு எழுதியிருக்காங்க. அன்னிக்குக் காலைல மொத போணியே பெரிம்மாதான். எதிர் டீக்கடைல கேளுங்க, சொல்லுவாங்க. நீங்களே சொல்லுங்க பெரிம்மா. வந்தீங்கதான?"

பச்சியப்பனின் கால் மேசைக்கடியில் அவள் காலை அழுத்தியது. வேண்டாம், சொல்லாதே. பாரதி பேனாவை எடுத்தார்.

"போனீங்களாம்மா?"

ஒரு பக்கம் மனுவில் அவளே வைத்த கைநாட்டு. ஒரு பக்கம் புருஷனின் கால். எதிரே அந்தப் பையனின் சிரிப்பு. போனேன் என்று சொன்னால் எல்லாம் போய்விடும் என்றுதானே மனு எழுதினவர் சொன்னார்? மூவாயிரத்து இருநூறோடு கூரையில்லாத சுவரைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதானா? கண்ணை மூடினாள். மூடின கண்ணுக்குள் அந்தத் திங்கட்கிழமைதான் வந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக எல்லாரும் அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்த அந்த ஒரு காலைப்பொழுது. அதையும் விட்டுவிட்டால் அப்புறம் அவளிடம் என்ன மிச்சம்?

"போனேங்க" என்றாள்.

பச்சியப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"போனேன். நாலு வெரல் வெச்சேன். மொத மூணும் விழலன்னு சொல்லிச்சு இந்தத் தம்பி. கடைசி வெரலுக்கு இருவது ஐநூறு ரூவா நோட்டு குடுத்துச்சு. கம்பிக் கடைல கட்டினேன், பில்லு இருக்குது. அந்தப் பத்தாயிரம் என்னுது. அது திருடுபோகல. மனுல இருக்கறது பொய்யிங்க. நான்தான் கைநாட்டு வெச்சேன். நீங்க என்ன செய்யணுமோ செய்ங்க."

அருண்குமார் முகத்தில் வெற்றி.

"பாத்தீங்களா மேடம்? அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நாப்பதாயிரமும் எம் மேசைலேந்து எண்ணிக் குடுத்தேன்."

பாரதி மேசைமேல் குனிந்தார். தாள்களைப் புரட்டினார். ஒன்றை உருவி எடுத்தார்.

"அன்னிக்கு மொத ஆளு இவங்கதான?"

"ஆமா மேடம்."

"முந்தின நாள் கடை மூடறப்ப கையிருப்பு பன்னெண்டாயிரத்து நானூறுன்னு நீங்களே எங்களுக்கு அனுப்பியிருக்கீங்க. காலைல மொத ஆளுக்கு நாப்பதாயிரம் எங்கிருந்து எடுத்துக் குடுத்தீங்க?"

அருண்குமார் வாயைத் திறந்தான். "அது... வூட்லேந்து..." என்றான். "மாமாகிட்ட..." என்றான். விபூதி வேர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியது.

குள்ளம்மாளுக்கு என்ன நடக்கிறது என்றே பிடிபடவில்லை. தான் தோற்றோமா, ஜெயித்தோமா? பச்சியப்பனைப் பார்த்தாள். அவன் மேலாளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலாளர் அருண்குமாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

வைகாசியில் கடிதம் வந்தது. வங்கியின் முகவர் செய்த மோசடி. வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. முப்பதாயிரத்தையும் வங்கியே ஏற்கிறது. கனிமொழிதான் தார்ப்பாய் வாசலில் நின்று உரக்கப் படித்துக் காட்டினாள்.

ஆனால் பாஸ்புக்கைப் போட்டபோது மறுபடி குழப்பம். வந்திருந்த நாற்பதாயிரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, புதிதாக முப்பதாயிரம் வைத்திருந்தார்கள்.

"பத்தாயிரத்தப் புடிச்சுக்கிட்டாங்க!" பச்சியப்பன் பாய்ந்தான். "நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா நாப்பதும் வந்திருக்கும்!"

"அது நம்ம வாங்கினதுய்யா. கம்பியா கெடக்குதே, பாக்கலியா?"

"அதான் தெரியுது... இருந்தாலும்..." என்று இழுத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே சொன்னான். "உங்கண்ணன் பேர நான் எடுத்திருக்கக் கூடாது."

பணத்தை எடுக்கப் போன அன்று மேலாளர் அறைக்கு வெளியே தயங்கி நின்றாள். பாரதி பார்த்துக் கூப்பிட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் அன்னிக்கு மனுல இருக்கற மாதிரியே சொல்லியிருந்தா?"

பாரதி பேனா மூடியைத் திருகினார். "வெளி ஆளுன்னு எழுதி, நாளாயிடுச்சுன்னு கோப்ப மூடியிருப்போம்னு நினைக்கறேன். அந்தக் கையிருப்புத் தாள நானே திருப்பிப் பாத்திருக்க மாட்டேன்." பேனாவைக் கீழே வைத்து, "அதுவும் சரியில்லதான்மா. நீங்க உண்மைய சொன்னாலும் சொல்லாட்டியும் கண்டுபிடிக்க வேண்டியது எங்க வேலை" என்றார்.

குள்ளம்மாள் தலையாட்டினாள். நிஜமாகப் புரிந்ததா என்றால், இல்லை.

கொட்டாயில் நீலப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அருண்குமார் மேல் வங்கி போலீசில் புகார் கொடுத்தது. முதியோர் பணம் வாங்கக் கிழவர்கள் இப்போது பென்னாகரம் போகப் பேருந்துக்குக் காத்து நின்றார்கள். "உன் முப்பதாயிரத்துக்கு எங்க கடையவே மூடிட்டியே தாயி" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். இன்னொருத்தி வந்து, "எனக்கும் அவன் அடிக்கடி விழல விழலன்னுதான் சொல்லுவான். எம் பாஸ்புக்கயும் கொஞ்சம் பாக்கச் சொல்லேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்குத் தீங்கு செய்தோம், யாருக்கு நல்லது செய்தோம் என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை.

கான்கிரீட் ஒரு வியாழக்கிழமை விழுந்தது. வானம் மூடியிருந்தது, ஆனால் பெய்யவில்லை. கலவை மிஷின் கடகடவென்று சுற்ற, சாரத்தில் ஆட்கள் சட்டி கை மாற்ற, மேஸ்திரி மாதேஸ்வரன் மேலே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். குள்ளம்மாள் கீழே முட்டுக் கட்டைகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தாள். பலகை இடுக்குகளில் இன்னும் வெளிச்சம் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு சட்டி விழவும் ஒரு கீற்று அணைந்தது.

"யோவ் பச்சியப்பா!" மேஸ்திரி கத்தினார். "சாயங்காலம் ஆளுங்களுக்குக் கூலி உன்கிட்டயா?"

மேலே சட்டியோடு நின்ற பச்சியப்பன் கீழே எட்டிப் பார்த்தான். முகமெல்லாம் சிமெண்ட்.

"எங்கிட்ட ஏது? அவகிட்டக் கேளு" என்றான். "அவ போட்ட கூரை."

குள்ளம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அடுத்த சட்டி விழுந்தது.